லப்டொப் நித்திரையால எழும்ப ஹாட்டிஸ்க் காணாமப்போகுதா? ஸ்ரான்லி வீதிப் பக்கத்துக் கடை ஒண்டைப் பற்றி

நேரா விஷயத்துக்கு வாறன். யாழ்ப்பாண ரவுணுக்குள்ள எக்ஸ்ரேணல் ஹாட்டிஸ்க் பிரச்சினையை ஆறுதலா இருந்து வடிவாப் பாக்கிற ஒரு ஆள் இருக்கிறார், அவரின்ர கடையைப் பற்றித்தான் இந்த ரிவியூ. கஸ்தூரியார் வீதியால வந்து ஸ்ரான்லி வீதிப் பக்கம் திரும்பிற இடத்துக்குக் கிட்ட, கீழ துணிக்கடை, பக்கத்தால ஒடுக்கமான படி, ஏறிப்போனா மேல ஒரே ஒரு அறை, ஒரு நீட்டு மேசை, அதில கழட்டின லப்டொப்புகள் வரிசையாக் கிடக்கும். கடைப் பேரை நான் போடேல்ல, அவரே போடவேண்டாம் எண்டு கேட்டவர், தனி ஆள், சனம் கூடினா ஒவ்வொரு சாமானுக்கும் குடுக்கிற நேரம் குறைஞ்சுபோம் எண்டு சொன்னார். அது அவரின்ர விருப்பம். ஆனா அவர் பாக்கிற முறையை எழுதலாம் தானே, அதைத் தெரிஞ்சு வைச்சிருந்தா நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் என்ன கேக்கோணும் எண்டு தெரியும், கனபேருக்குக் கடைக்கே போகவேண்டி வராது.

நான் கலியாணவீடு, சாமத்தியவீட்டு வீடியோ எடிற் பண்ணுறனான், வீடு கொக்குவில் பக்கம். ஒரு கலியாணத்துக்கு ரெண்டு மூண்டு கமரா ஓடும், பொன்னுருக்கலில இருந்து கால்மாறிப் போறது வரைக்கும் எடுத்தா நூற்றுக்கணக்கான ஜிபி வந்து நிக்கும், லப்டொப்புக்குள்ள அது கொள்ளாது, அதால எக்ஸ்ரேணல் டிஸ்க்கில வைச்சு அதில இருந்தே எடிற் பண்ணுறது. சாப்பிட எழும்பிப் போனா லப்டொப் ஸ்லீப்புக்குப் போயிடும், திரும்பி வந்து தட்டினா ஸ்கிரீன் வரும், டிஸ்க் வராது. ரைம்லைன் முழுக்க மீடியா ஓஃப்லைன் எண்டு சிவப்பாக் கிடக்கும். கழட்டிக் கொழுவினா வரும்தான், ஆனா ஈ எண்டு இருந்த டிரைவ் சிலவேளை எஃப் எண்டு வரும், அப்ப எடிற்றிங் சொஃப்ற்வெயாருக்கு ஒரு ஃபைலும் எங்க எண்டு தெரியாது, திரும்ப ஒவ்வொண்டாக் காட்டிக் குடுத்துக்கொண்டு இருக்கோணும். ஒருநாள் கழட்டிக் கொழுவேக்க, டிஸ்க்கைப் பாவிக்கிறதெண்டா ஃபோமற் பண்ணோணும், பண்ணவோ எண்டு கேட்டுது. நெஞ்சு பதறிப்போச்சு. அது கனடாவில இருந்து வந்து செய்த கலியாணம், மாப்பிளை பொம்பிளை ரெண்டு பேரும் திரும்பிப் போட்டினம், மற்றக் கொப்பி இன்னும் எடுத்து முடிக்கேல்ல.

இதில ஒண்டு சொல்லோணும். 1995 இடப்பெயர்வில அல்பத்தை அலுமாரியோட விட்டிட்டு வந்த குடும்பங்கள் எங்கட பக்கம் கனக்க இருக்கு, அம்மம்மாவின்ர கலியாணப் படம் ஒண்டு கூட இல்லாத வீடுகள் எனக்குத் தெரியும். அப்பிடி ஒரு வீட்டுக்காரர் தங்கட பிள்ளையின்ர கலியாணத்தை என்னட்டத் தந்தா, அந்த டிஸ்க் எனக்கு வலு பெரிய பொறுப்பு.

முதல் கொண்டுபோன கடை வேற, பேர் வேண்டாம். அங்க கொழுவிப் பாத்தினம், வரக் கொஞ்சம் சுணங்கினது, உடன "டிஸ்க் பழுது, புதுசு ஒண்டு வேண்டுங்கோ, உள்ள இருக்கிறது வேணுமெண்டா கொழும்புக்கு அனுப்போணும்" எண்டு சொல்லிப்போட்டினம். எந்தச் சோதனையும் இல்லை. அதுக்குப் பிறகு கூட வேலை செய்யிற பெடியன் ஒருத்தன் சொல்லித்தான் இந்த மாடிக்கடைக்குப் போனனான்.

இவர் டிஸ்க்கை வேண்டின உடன கொழுவேல்ல. "தம்பி, வேலை செய்துகொண்டிருக்கேக்கையே கழண்டுபோகுதோ, இல்லாட்டி விட்டிட்டுப் போய்த் திரும்பி வரேக்கதான் காணாமப்போகுதோ?" எண்டு கேட்டார். "திரும்பி வரேக்கதான் அண்ணை" எண்டன். "கொப்பி பண்ணேக்க ஒருக்காலும் கழரேல்லையோ?" எண்டு திரும்பவும் கேட்டார், இல்லை எண்டன், பிறகுதான் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கச் சொன்னார். இந்த ஒரு கேள்வியிலயே பாதை பிரிஞ்சிடும். ஃபைல் ஓடிக்கொண்டிருக்கேக்க கழண்டா கேபிளைப் பாக்கோணும், சொக்கற்றைப் பாக்கோணும், பவர் காணுதோ எண்டு பாக்கோணும், டிஸ்க்கே சாகிறதாயும் இருக்கலாம். ஸ்லீப்புக்குப் பிறகு மட்டும் கழண்டா முதல் சந்தேகப்பட வேண்டியது கொம்பியூட்டர் கரண்டை மிச்சம் பிடிக்கிற விதத்தை. ரெண்டுக்கும் "டிஸ்க் பழுது" எண்டு ஒரே பதில் சொல்லுற கடையில இருந்து நீங்கள் சாமானைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாறது நல்லது எண்டுதான் நான் சொல்லுவன்.

அடுத்தது அவர் செய்தது எனக்கு மிச்சம் பிடிச்சுது. ஒரு செற்றிங்கையும் தொடமுதல், தன்ர டிஸ்க் ஒண்டில என்ர ஃபைல் எல்லாத்தையும் கொப்பி எடுத்தார். எரர் செக் பண்ணுற செக்டிஸ்க்கைக் கூட அதுக்கு முதல் ஓடவிடேல்ல. செக்டிஸ்க் எண்டது ஃபைல் சிஸ்ரத்தை, அதாவது எந்த ஃபைல் எங்க கிடக்கு எண்டு டிஸ்க் வைச்சிருக்கிற கணக்கை, சரிக்கட்டுறது, சரிக்கட்டேக்க அதுக்கு விளங்காத துண்டுகளை எடுத்து வேற ஃபோல்டருக்குள்ள போட்டுவிடும், உங்கட ஃபைலைக் காப்பாத்திறது அதின்ர வேலை இல்லை. என்ர டிஸ்க் எக்ஸ்ஃபற் ஃபோமற்றில இருந்தது, மக் வைச்சிருக்கிற ஆக்களோட மாறி மாறிப் பாவிக்கிறபடியா அப்பிடி வைச்சிருந்தனான். விண்டோஸின்ர சொந்த ஃபோமற்றான என்ரிஎஃப்எஸ்சில என்ன மாத்தப்போறன் எண்டு முதலே எழுதிவைக்கிற ஜேர்ணல் இருக்கு, இடையில கழண்டாலும் கொஞ்சம் தாங்கும், எக்ஸ்ஃபற்றில அது இல்லை, அதால திடீரெண்டு கழரேக்க அடிபடுறது கூட. விண்டோஸ் மட்டும் பாவிக்கிற ஆக்கள் என்ரிஎஃப்எஸ்சிலயே வைச்சிருங்கோ.

கொப்பி ஓடிக்கொண்டிருக்கேக்க என்ர லப்டொப்பில ஈவென்ற் வியூவரைத் திறந்து காட்டினார். ஸ்ரார்ட் மெனுவில பேரை அடிச்சா வரும், அதில விண்டோஸ் லொக்ஸ், அதுக்குள்ள சிஸ்ரம். அதில 157 எண்ட இலக்கத்தில, டிஸ்க் சொல்லாமக் கொள்ளாமக் கழண்டிட்டுது எண்ட பதிவு ஒவ்வொரு நாளும் கிடந்தது. பிறகு பவர் ட்ரபிள்சூட்டர் எண்ட பேரில 1 எண்ட இலக்கப் பதிவைத் தேடி எடுத்தார், கொம்பியூட்டர் எத்தினை மணிக்கு நித்திரைக்குப் போனது, எத்தினை மணிக்கு எழும்பினது எண்டு அதில இருக்கும். அந்தப் பதிவுக்குள்ள எழுதியிருக்கிற நேரம் எங்கட நேரம் இல்லை, உலகப் பொது நேரம், அதோட அஞ்சரை மணித்தியாலம் கூட்டோணும். கூட்டிப் பாத்தா ரெண்டு நேரமும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு நிக்குது, எழும்பின உடனதான் டிஸ்க் விழுந்திருக்கு. வீட்டில இருந்து நீங்களே பாக்கலாம், காசு இல்லை, சொஃப்ற்வெயாரும் தேவையில்லை.

டிஸ்க்கின்ர சுகத்தைப் பாக்க கிறிஸ்ரல்டிஸ்க்இன்ஃபோ எண்ட இலவச சொஃப்ற்வெயாரை ஓடவிட்டார். அதில சி5 எண்ட வரிதான் முக்கியமாம், வாசிக்கேலாம நிக்கிற செக்ரர்கள், டிஸ்க்கில டேற்றா எழுதிற சின்னத் துண்டுகள், எத்தினை எண்டு அதில வரும், எனக்கு அது பூச்சியம். சி7 எண்ட வரியை கனபேர் யூஎஸ்பி கேபிளின்ர குறை எண்டு நினைக்கிறவை, எக்ஸ்ரேணல் டிஸ்க்கில அது டிஸ்க்குக்கும் பெட்டிக்குள்ள இருக்கிற சின்னச் சேர்க்கிட் போட்டுக்கும் இடையில வாற பிழையைத்தான் எண்ணும், வெளிய இருக்கிற கேபிளை அது அறியாது எண்டு விளங்கப்படுத்தினார். டிஸ்க் நல்ல சுகமா இருக்கு. புதுசு வேண்டச் சொன்ன கடையை நினைக்க எனக்குச் சரியான கோவம் வந்தது.

இனி ஏன் இப்பிடி நடக்குது எண்ட விஷயம். ஸ்லீப் எண்டா எல்லா லப்டொப்பிலயும் ஒண்டு இல்லை. பழைய முறை எஸ் 3, நினைவகத்துக்கு மட்டும் கரண்ட் குடுத்துக்கொண்டு மற்ற எல்லாம் படுத்திடும், யூஎஸ்பி போர்ட்டுக்கு அந்த நேரம் 5 வோல்ற் வருமோ வராதோ எண்டது மதர்போட்டைப் பொறுத்தது. புது லப்டொப்புகளில மொடர்ன் ஸ்ராண்ட்பை, அதில ஸ்கிரீன் அணைஞ்சு கிடக்கும், உள்ள குறைஞ்ச பவரில ஓடிக்கொண்டிருக்கும், யூஎஸ்பி சாமான்களை ஒவ்வொண்டாப் படுக்கவைக்கும். உங்கடது எது எண்டு பாக்க கொமாண்ட் ப்ரொம்ப்றைத் திறந்து பவர்சிஎஃப்ஜி எண்டு ஆங்கிலத்தில அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு ஒண்டும் ஏ எழுத்தும் போட்டு (powercfg /a) என்ரர் அடிச்சா வரும். எந்த முறையெண்டாலும் எழும்பேக்க நடக்கிறது இதுதான்: கொம்பியூட்டர் உடன எழும்பி "டிஸ்க் எங்க" எண்டு கேக்கும், ஆனா உள்ள சுத்துற தட்டு இருக்கிற டிஸ்க் நிண்ட நிலையில இருந்து முழு வேகத்துக்கு வரச் சில செக்கண்ட் வேணும், அந்த நேரத்துக்குள்ள பதில் வராட்டி விண்டோஸ் அந்த டிரைவைத் தூக்கிப்போட்டு, புது ஆள் வந்தமாதிரித் திரும்ப ஒருக்கா அறிமுகம் செய்யும். இடையில திறந்திருந்த ஃபைல் எல்லாம் அந்தரத்தில. நின்ற தட்டைச் சுத்தத் தொடங்கேக்கதான் டிஸ்க் ஆகக் கூடின கரண்டை இழுக்கும், சின்ன 2.5 இஞ்சி டிஸ்க்கிலயே ஒரு அம்பியர் வரைக்கும் இழுக்கிறது இருக்கு. யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி அம்பியரும் யூஎஸ்பி 3 போர்ட் 900 மில்லி அம்பியரும் குடுக்கத்தான் கணக்குப் போட்டது. வேலை செய்யேக்க பிரச்சினை இல்லாத டிஸ்க் எழும்பேக்க மட்டும் ஏன் தடுமாறுது எண்டு இப்ப விளங்கும்.

அவர் மாத்தின செற்றிங்குகளைச் சொல்லுறன். கொன்ரோல் பனலில பவர் ஒப்ஷன்ஸ், உங்கட பிளானுக்குப் பக்கத்தில சேஞ்ச் பிளான் செற்றிங்ஸ், அதுக்குள்ள அட்வான்ஸ்ட் எண்டு போனா ஒரு சின்னப் பெட்டி திறக்கும், அதில யூஎஸ்பி செற்றிங்ஸ், யூஎஸ்பி செலெக்ரிவ் சஸ்பென்ட், சும்மா கிடக்கிற யூஎஸ்பி சாமானைப் படுக்கவைக்கிறது, அதை டிசேபிள் ஆக்கினார், பற்றறிக்கும் பிளக்குக்கும் ரெண்டுக்கும். அதே பெட்டியில ஹாட்டிஸ்க் எண்டதுக்குக் கீழ எத்தினை நிமிஷத்தில டிஸ்க்கை நிப்பாட்டோணும் எண்டு இருக்கும், அதை நெவர் எண்டு வைச்சார். மொடர்ன் ஸ்ராண்ட்பை லப்டொப்புகளில இதுகளில கன செற்றிங் மறைஞ்சிருக்கும், காணேல்லையே எண்டு தேடி மினக்கெட வேண்டாம், டிவைஸ் மனேஜருக்குப் போங்கோ. அங்க யூனிவேர்சல் சீரியல் பஸ் கொன்ரோலர்ஸ் எண்ட இடத்தில யூஎஸ்பி ரூட் ஹப் எண்டு ஒண்டோ கனக்கவோ இருக்கும், ஒவ்வொண்டா ரெண்டுதரம் தட்டித் திறந்து பவர் மனேஜ்மென்ற் ரப் இருந்தா அதுக்குப் போங்கோ, அங்க பவரை மிச்சம் பிடிக்க இந்தச் சாமானை ஓஃப் பண்ணக் கொம்பியூட்டருக்கு அனுமதி எண்டு ஒரு ரிக் இருக்கும், அதை எடுத்துவிடோணும். எல்லா ரூட் ஹப்பிலயும் எடுக்கோணும், ஏனெண்டா எந்தப் போர்ட் எந்த ஹப்போட நிக்குது எண்டு வெளிய பாத்துச் சொல்லேலாது. பெரிய விண்டோஸ் அப்டேற் வந்தாப் பிறகு ஒருக்கா திரும்பப் பாருங்கோ, ரிக் திரும்ப ஏறி நிக்கிறது உண்டு.

டிஸ்க்குக்குள்ளயும் ஒரு நித்திரை இருக்கு எண்டது எனக்குப் புதுசு. சில டிஸ்க்குகள் கொம்பியூட்டர் சொல்லாமலே கொஞ்ச நேரத்தில தானா நிண்டிடும், அது டிஸ்க் பெட்டிக்குள்ள எழுதியிருக்கிற ரைமர். வெஸ்ரேன் டிஜிற்றல் டிஸ்க்குகளுக்கு அவையின்ர டிரைவ் யூற்றிலிற்றீஸ் எண்ட சொஃப்ற்வெயாரில ஸ்லீப் ரைமரை மாத்தவோ நிப்பாட்டவோ வழி இருக்கு, மற்றக் கொம்பனிக்காரரின்ரயும் உங்கட மொடலுக்கு இருக்கோ எண்டு பாத்துக்கொள்ளுங்கோ. டிரைவ் எழுத்து மாறுற தொல்லைக்கு டிஸ்க் மனேஜ்மென்ற்றில போய் எழுத்தை ஆங்கில வரிசையின்ர கடைசிப் பக்கமா ஒண்டு, வி இல்லாட்டி டபிள்யூ மாதிரி, வைச்சுவிட்டார். ஈ, எஃப்பை பென் டிரைவும் கமரா காட்டும் வந்து பிடிச்சுக்கொள்ளும், வி பக்கம் ஒண்டும் வராது. சின்ன வேலைதான், எனக்கு அதால மிஞ்சின நேரம் கொஞ்ச நஞ்சமில்லை.

பிறகு போர்ட். இதை அவர் கைவைச்சுப் பாத்த விதம் வடிவு. டிஸ்க்கை ஒவ்வொரு போர்ட்டிலயும் கொழுவி, லப்டொப்பை ஸ்லீப்பில போட்டு, டிஸ்க்கின்ர லைற்றைப் பாத்துக்கொண்டு, விரலை மேல வைச்சு சுத்துதோ நிண்டிட்டுதோ எண்டு பிடிச்சுப் பாத்தார். இடப்பக்கப் போர்ட்டில லைற் நூந்தே போச்சு, அதாவது பவரே நிண்டிட்டுது. வலப்பக்கம் மின்னல் அடையாளம் போட்ட போர்ட்டில லைற் நிண்டது. அந்த மின்னலோ பற்றறியோ கீறின போர்ட் லப்டொப் படுத்தாலும் போன் சார்ச் பண்ணுறதுக்கு விட்டது. சில லப்டொப்புகளில அந்தப் போர்ட் ஸ்லீப்புக்குப் போகேக்க சார்ச் பண்ணுற முறைக்கு மாறும், மாறேக்க ஒருக்கா பவர் வெட்டி வரும், அப்ப டிஸ்க் அங்கயும் கழரும், ஆனபடியா அடையாளத்தை நம்பாமச் சோதிச்சுப் பாக்கோணும் எண்டார். என்ரதில அந்தப் போர்ட்டில நல்லா வந்தது, ஆனா நெடுநேரம் படுத்து எழும்பினா இடைக்கிடை விழுந்தது. டெஸ்க்ரொப் வைச்சிருக்கிற ஆக்கள், விண்டோஸ் வரமுதல் திறக்கிற பயோஸ் செற்றிங்குகளுக்குள்ள ஈஆர்பி எண்டு ஒரு செற்றிங் இருக்கோ எண்டு பாருங்கோ, அது ஓனில இருந்தா கொம்பியூட்டர் நிண்ட உடன யூஎஸ்பிக்குப் போற கரண்டையும் வெட்டிவிடும்.

கேபிளைப் பற்றிக் கனக்க எழுதத் தேவையில்லை. தட்டையா அகலமா இருக்கிற மைக்ரோ பி தலை, போர்டபிள் டிஸ்க்குகளோட வாறது, அது லூசாகிறது சாதாரணம். மெல்ல ஆட்டிப் பாருங்கோ, லைற் வெட்டினா கட்டையான கேபிள் ஒண்டு மாத்துங்கோ. மீற்றர்க்கணக்கில நீண்ட மலிவுக் கேபிள் வேண்டவே வேண்டாம், வழியிலயே வோல்ற்றேஜ் இறங்கிடும்.

இனி ஹப், ஒரு யூஎஸ்பி போர்ட்டைக் கனக்கவாப் பிரிக்கிற பெட்டி. தனக்கெண்டு அடப்ரர் உள்ள பவர்ட் ஹப் ஒண்டுக்குள்ளால டிஸ்க்கைக் கொழுவினா, லப்டொப் படுத்தாலும் டிஸ்க்குக்கு 5 வோல்ற் நிக்காமப் போகும், எழும்பேக்க லப்டொப்பிட்டக் கையேந்தத் தேவையில்லை. இன்ரநெற்றில எங்க பாத்தாலும் இதைத்தான் சொல்லுவினம், சரியும்தான். ஆனா அங்க எழுதுற ஆக்களுக்குக் கரண்ட் போறதில்லை. ஹப் எண்டு கதை வந்த உடன இவர் என்னட்ட முதல் கேட்டதே "தம்பி, வீட்டில யூபிஎஸ் இருக்கோ?" எண்டுதான். யோசிச்சுப் பாருங்கோ, லப்டொப்புக்குப் பற்றறி இருக்கு, கரண்ட் போனாலும் அது தன்ர பாட்டுக்கு ஓடும், ஆனா சுவரில கொழுவின ஹப் அந்தச் செக்கண்டே செத்துப்போம், டிஸ்க்கும் அதோட, அதுவும் ஃபைல் எழுதிக்கொண்டிருக்கிற நேரமா இருந்தா ஸ்லீப்பில விழுறதை விடப் பெரிய அடி. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் வரை வெட்டினவை, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க ஒரேயடியா நிண்டது, அவ்வளவு பெரிசா இல்லாட்டியும் மழைக்காலத்தில பட்டெண்டு போய்ப் பட்டெண்டு வாறது எங்களுக்குப் பழகின விஷயம். யூபிஎஸ் இல்லாத வீட்டுக்குப் பவர்ட் ஹப் வேண்டாம் எண்டதுதான் அவரின்ர முடிவு, எனக்கும் அதுதான் சரி எண்டு படுது. வீட்டில டெஸ்க்ரொப்புக்கு வைச்ச யூபிஎஸ் இருந்தா ஹப்பின்ர அடப்ரரை அதில கொழுவுங்கோ. ரவுட்டருக்கு வேண்டுற சின்ன டிசி யூபிஎஸ்ஸும் சரிவரும், ஆனா ஹப்பின்ர அடப்ரரில எழுதியிருக்கிற வோல்ற்றேஜும் பிளக்கின்ர உள்முனை வெளிமுனையும் ஒண்டாயிருக்கோணும், அம்பியர் அதுக்குக் குறையாம இருக்கோணும், 5 வோல்ற் ஹப்புக்கு 12 வோல்ற்றைக் குடுத்தா ஹப்பும் போய் டிஸ்க்கும் போயிடும்.

ஹப் வேண்டேக்க இன்னொண்டு. சில மலிவு ஹப்புகள் தங்கட அடப்ரர் கரண்டைத் திருப்பி லப்டொப்புக்குள்ளயே தள்ளுறது, அது போர்ட்டுக்கு நல்லதில்லை. பாக்கிறது சுகம், லப்டொப்பை முழுசா ஓஃப் பண்ணிப்போட்டு ஹப்பை மட்டும் ஓனில விட்டு, லப்டொப்பில ஏதாவது லைற் பத்துதோ எண்டு பாக்கோணும். அவர் என்ர ஹப்பை அப்பிடிப் பாத்துத்தான் தந்தவர்.

டிஸ்க் நல்லா இருந்தும் பெட்டி பழுதான கேஸும் கனக்க வாறதாம். பெட்டிக்குள்ள, டிஸ்க்கின்ர சொந்த இணைப்பான சாற்றாவை யூஎஸ்பி ஆக்கிற சின்ன சிப் ஒண்டு இருக்கு, ஜேமைக்ரோன், ஏஎஸ்மீடியா, ரியல்ரெக் எண்டு சில கொம்பனிதான் கூடச் செய்யினம், அந்த சிப்புக்குள்ளயே எழுதியிருக்கிற சொஃப்ற்வெயார், ஃபேம்வெயார் எண்டு சொல்லுறது, ஸ்லீப்பை ஒழுங்காக் கையாளாட்டி நீங்கள் விண்டோஸில எதைத் திருகினாலும் பிரயோசனமில்லை. அப்ப டிஸ்க்கைக் கழட்டி வேற பெட்டிக்குள்ள போட்டுப் பாக்கலாம். ஆனா நீங்களாக் கழட்ட வெளிக்கிடாதேங்கோ, சில போர்டபிள் டிஸ்க்குகளில யூஎஸ்பி சொக்கற் டிஸ்க்கின்ர சேர்க்கிட் போட்டிலயே ஒட்டியிருக்கும், உள்ள சாற்றாவே இல்லை, இன்னும் சிலதில பெட்டியில இருக்கிற சிப்தான் டேற்றாவை மறைகுறியாக்கி எழுதிறது, அதை விட்டு வேற பெட்டிக்குப் போட்டா ஒண்டும் வாசிக்கேலாது. வொறன்ரியும் போயிடும்.

மக்புக் ஆக்களுக்கும் இதே கதை, அங்க டிஸ்க்கை ஒழுங்கா இஜெக்ற் பண்ணேல்ல எண்டு மூலையில ஒரு பெட்டி வரும். சிஸ்ரம் செற்றிங்ஸில பற்றறி, ஒப்ஷன்ஸ் எண்டு போய் ஹாட்டிஸ்க்கைப் படுக்கவைக்கிற செற்றிங்கை நெவர் ஆக்கலாம், எண்டாலும் மூடமுதல் இஜெக்ற் பண்ணுறதுதான் நம்பிக்கையான வழி.

விண்டோஸிலயும் அதேதான். 2018 கடைசியில வந்த 1809 பதிப்பில இருந்து எக்ஸ்ரேணல் டிஸ்க்குகளுக்குக் குயிக் ரிமூவல் எண்டதுதான் தானா நிக்கும், எழுத வேண்டியதைக் கனநேரம் கையில வைச்சுக்கொண்டிருக்காது, அதால முந்தின அளவு ஆபத்து இல்லை. வேகம் வேணுமெண்டு பெற்றர் பெர்ஃபோமன்ஸ் எண்டு மாத்தி வைச்சிருக்கிற எடிற்றர்மார் கவனம், உங்களுக்கு ஒவ்வொரு முறையும் சேஃப்லி ரிமூவ் கட்டாயம். இன்னொண்டு, இரவில ஷட் டவுன் பண்ணுறம் எண்டு நினைக்கிற ஆக்கள், ஃபாஸ்ற் ஸ்ரார்ட்டப் ஓனில இருந்தா அது முழு ஷட் டவுன் இல்லை, பாதி நித்திரை மாதிரி. ஷிஃப்ற் கீயைப் பிடிச்சுக்கொண்டு ஷட் டவுன் தட்டினா முழுசா நிக்கும்.

எனக்குக் கடைசியா அவர் செய்துதந்தது, செலெக்ரிவ் சஸ்பென்ட் ஓஃப், ரூட் ஹப் ரிக் எல்லாம் எடுத்தது, டிரைவ் எழுத்து நிலையா, யூபிஎஸ்ஸில கொழுவின ஹப், அதோட பிளக்கில இருக்கேக்க லப்டொப் தானா ஸ்லீப்புக்குப் போகாது, ஸ்கிரீன் மட்டும் அணையும். எடிற் பண்ணின வீடியோவை முழு ஃபைலாக்கிற ரெண்டரைப் போட்டிட்டுப் படுக்கிற எங்கட தொழிலுக்கு அந்தக் கடைசிச் செற்றிங்தான் ஆகப் பெரிய உதவி எண்டு நான் நினைக்கிறன், மற்றதெல்லாம் தப்பித்தவறிப் படுத்தாலும் எழும்ப வைக்கத்தான். வீட்ட வந்த பிறகு வேணுமெண்டே படுக்கப்போட்டு எழுப்பிப் பாத்தன், ஈவென்ற் வியூவரில 157 பிறகு ஏறேல்ல. கலியாண வீடியோவும் முடிஞ்சு கனடாவுக்குப் போட்டுது. அவர் எடுத்தது பாத்த கூலி மட்டும், மூவாயிரத்துக்குள்ள, ஹப் நான் வேற கடையில வேண்டிக்கொண்டு போனது, அதில அவருக்கு ஒரு சதம் இல்லை. புது டிஸ்க் ஒண்டை என்ர தலையில கட்டியிருந்தா அவருக்கு அதைவிடக் கனக்க வந்திருக்கும்.

குறையும் சொல்லோணும். போன் எடுக்கவே மாட்டார், நேர போகோணும். அவசரம் எண்டு போற ஆக்களுக்கு இந்தக் கடை சரிவராது, முன்னால ஒருத்தரின்ரதைத் தொட்டார் எண்டா அது முடியிற வரைக்கும் தலை நிமிரமாட்டார், நான் இருந்த நேரத்தில ரெண்டு பேர் நிண்டு பாத்திட்டுப் போட்டினம். மோட்டச்சைக்கிள் விட இடமில்லை. வயசுபோன ஆக்களுக்கு அந்தப் படி ஏறக் கஷ்டம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில பின்னேரம் திறக்கிறேல்ல. பில் எழுதித் தாறதில்லை, கேட்டா துண்டில எழுதித் தருவார், ஒஃபிசுக்குக் காட்டவேண்டிய ஆக்களுக்கு அது காணாது. கடக் கடக் எண்டு சத்தம் போடுற டிஸ்க்கை அவர் தொடவே மாட்டார், அதைத் தூசி இல்லாத அறையில திறக்கோணும், அந்த வசதி தன்னட்ட இல்லை, திரும்பத் திரும்பக் கொழுவிப் பாத்தா இருக்கிறதும் போயிடும், ஓஃப் பண்ணி அப்பிடியே வைச்சுக்கொண்டு ரிக்கவரி செய்யிற இடத்துக்குக் குடுங்கோ எண்டு நேரடியாச் சொல்லி அனுப்பினவர், எனக்கு முன்னால இருந்த ஒரு ரீச்சரை. அதை நான் குறை எண்டு சொல்லமாட்டன்.

போற ஆக்கள் டிஸ்க்கை மட்டும் பையில போட்டுக்கொண்டு போகாதேங்கோ. லப்டொப், அதின்ர சார்ஜர், நீங்கள் வீட்டில பாவிக்கிற அதே கேபிள், ஹப் இருந்தா அதுவும் அடப்ரரும், எல்லாத்தையும் கொண்டுபோங்கோ. ஸ்லீப்பில கழருற பிரச்சினை உங்கட லப்டொப்பும் உங்கட டிஸ்க்கும் சேரேக்கதான் வாறது, அவரின்ர கொம்பியூட்டரில கொழுவினா ஒண்டுமே தெரியாது. ஃபைல் கொப்பி எடுக்கக் கொள்ளுற அளவு வெறும் டிஸ்க் ஒண்டும் இருந்தா கொண்டுபோங்கோ, அவரிட்ட இருக்கிறது ஒண்டுதான், அதில எப்பவும் ஆரோ ஒருத்தரின்ர ஃபைல் கிடக்கும். காலமை பத்து மணிக்குப் பிறகு போனா ஆள் இருப்பார்.